எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு இல்லை

கல்லூரியில் இருபத்தெட்டு வருடமாக நான் நடத்துவது அறவியல். நல்லது எது, கெட்டது எது, அதை எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் பாடம். பாடப் புத்தகத்தில் அதற்கு மூன்று பெரிய வழிகள் உண்டு. விளைவு என்னவானாலும் சரி, செய்ய வேண்டிய கடமையைச் செய்துவிடு என்பது ஒன்று. விளைவைப் பார், நிறையப் பேருக்கு எது நன்மையோ அதைச் செய் என்பது இன்னொன்று. முதலில் நல்ல மனிதனாக இரு, நல்ல செயல் தானே வரும் என்பது மூன்றாவது. மூன்றிலிருந்தும் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி வரும்.

எங்கள் வகுப்பறை ஜன்னலிலிருந்து கடல் தெரியாது. ஆனால் மதியம் இரண்டரைக்கு மேல் காற்று மட்டும் வந்துவிடும். அந்தக் காற்று வந்ததும் பாதி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். அப்படி ஒரு மதியம், கடைசி பெஞ்சில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "சார், மூணையும் நடத்திட்டீங்க. இதுல எத வச்சி சார் வாழறது?"

"பரீட்சைக்கு மூணையும் எழுது. வாழறதுக்கு மொதல் ஒண்ணு போதும்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அந்த முதல் ஒன்றில் எனக்குப் பிடித்த வரி, எந்தக் காரணத்துக்காகவும் பொய் சொல்லக் கூடாது என்பது. நான் சொன்னதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி எப்படி என்று கேட்டார்கள், எண்ணெய் காறுகிறது என்றேன். இன்றுவரை தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன், நெல்லித்தோப்பில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு நான் ஒரு நேரான ஆள் என்ற திருப்தி இருந்தது.

நான் பிறந்தது கனகசெட்டிக்குளத்தில். வடக்கே புதுச்சேரி முடிகிற இடம். அப்பா கடலுக்குப் போனவர், அண்ணனும் கடலுக்குப் போனான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். எனக்குப் படகில் ஏறினால் குமட்டும், அதனால் படிப்பு வந்தது. இதுதான் எங்கள் இரண்டு பேருக்குமான வித்தியாசம். மற்றபடி ஒரே மூக்கு, ஒரே முன்கோபம்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிகிறவரை ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. கரையில் படகுகள் அப்படியே கிடக்கும். காக்காய்கள்கூட என்ன ஆயிற்று என்று பார்ப்பதுபோல மணலில் நடக்கும். மீறினவனை ஊர்ப் பஞ்சாயத்து கோயில் முன்னால் நிறுத்தும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், அண்ணனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போய்வந்தவர் ஒருவர் இரவில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். எனக்குப் போன் வந்தது. டவுனிலிருந்து முதல் பஸ் பிடித்து விடியும்போது ஊரில் இறங்கினேன். குறுக்கு வழியாகக் கரையோரம் நடந்தேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்தச் சாம்பலுக்குள் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. முதுகைப் பார்த்ததுமே தெரிந்தது, அண்ணன். தனியாகப் போனான். எனக்கு அது கனவில் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பஞ்சாயத்து கூடியது. அன்றைக்கு அண்ணன் படகு நனைந்திருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். அண்ணனைக் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போதிய சாட்சி இல்லை, கண்டித்து விட்டுவிடலாம் என்றுகூட ஒரு பெரியவர் ஆரம்பித்தார். அதற்குள் இன்னொருவர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரு அன்னிக்கி வெடிய காலையிலயே வந்துட்டாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு. வாத்தியாரே, நீங்க இன்னா பாத்தீங்க?"

பார்த்ததைச் சொன்னேன்.

சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. அண்ணன் ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்டான். ஒரு மாதம் கடலில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பானது. கூட வந்தவன் பிணம் கிடக்கும்போது மீன் பிடிக்கப் போனவன் என்ற பேர் அந்த ஒரு மாதத்தோடு போகவில்லை. எழுந்தபோது அவன் நெற்றியிலும் மூக்கிலும் மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே என்னைத் தாண்டிப் போனான். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் உறவு நின்றது என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் முறை இருக்கிறது. நல்லது கெட்டதுக்குப் போக வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும், முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். அண்ணன் பெண்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கும் போனேன். "சித்தப்பாவ சாப்ட சொல்லு" என்று அண்ணன் என் காதுபடவே மகளிடம் சொல்வான். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்று நான் அவளிடமே சொல்லி அனுப்புவேன். யாரும் அகப்படாத ஒரு சமயம் அவன் வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்து, "மழ வர்ற மாதிரி கீது, பஸ்ஸுக்குப் போறவங்க சீக்கிரம் கெளம்பணும்" என்றான். நாய் வாலை ஆட்டியது. நான் கிளம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து, நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் இறந்தவரின் மனைவியைப் பார்த்தேன். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், அன்னிக்கி உங்க அண்ணன நான்தான் அனுப்புனேன். மொத நா சாயந்தரம் ரெண்டு பேரும் போட்டுட்டு வந்த வல கடல்லயே கெடந்துது. எங்கூட்டு வல. வுட்டா விசைப்படகுக்காரன் இழுத்துக்கினு பூடுவான். அத்த வுட்டா எனக்கும் புள்ளைங்களுக்கும் வேற இன்னா இருக்குது? புருசன் பொணத்த வச்சிக்கினு வலயப் பத்திப் பேசனவளுன்னு ஊரு என்னக் காறித் துப்பும்னு அவரு வாயத் தொறக்கல."

அன்று என்ன மீன் வாங்கினேன், வாங்கினேனா என்பதுகூட நினைவில்லை.

அன்றைக்கே பஸ் பிடித்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் என்று கேட்டால், நான் உண்மையைத்தானே சொன்னேன் என்ற ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டினேன். கடமைப்படி நான் செய்தது தவறே இல்லை. தவறு இல்லாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? வகுப்பில் இதை இன்னும் அழகாக நடத்துவேன். வீட்டுக்கு வந்து தனியாகச் சோறு போட்டுக்கொள்ளும்போதுதான் மணல் ஒட்டின அந்த மூக்கு கண்முன் வரும். அது என் மூக்கும்தான்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை அண்ணி என் மாடிப்படி ஏறி வந்தாள். அதுவரை அவள் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றாள். வாரத்துக்கு மூன்று தடவை கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவளுக்குச் சர்க்கரை, அதனால் கொடுக்க முடியாது. பெரிய பெண் மாசமாக இருக்கிறாள், சின்னவளுக்கு இரத்த வகை சேரவில்லை. அவ்வளவையும் சொன்னாளே தவிர, என்னிடம் எதையும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்து மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் தரேன் அண்ணி" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பயந்தேன். நன்றாகவே பயந்தேன். ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நான்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் பரிசோதனைகள். அந்த இரண்டு மாதமும் விழித்த மாதிரியும் இல்லை, தூங்கின மாதிரியும் இல்லை. காலையில் நெல்லித்தோப்பிலிருந்து பஸ்ஸில் போவேன். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து இறங்குகிற நோயாளிகளோடு நானும் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். வேப்பமரத்து நிழல், வரிசை, நாற்காலி, இன்னொரு வரிசை. ஸ்கேன் எடுக்கும்போது நரம்பில் ஒரு மருந்தை ஏற்றினார்கள், உடம்பு முழுக்க வெந்நீர் ஓடிற்று. கண்ணை மூடிக்கொண்டேன். என் வகுப்பறை பெஞ்சுகள் கடலில் மிதந்தன. மாணவர்கள் நனையாமல் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். நான் கரும்பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து துடுப்பு வலித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை விடுங்கள் என்று மைக்கில் ஒரு குரல் சொன்னது, விட்டேன்.

காத்திருக்கிற நேரத்தில் ஒரு வேலை செய்தேன். ஏன் கொடுக்கிறேன் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் நடத்தின பாடம், எனக்கே பயன்படாவிட்டால் எப்படி?

விளைவைப் பார் என்கிற வழியை முதலில் எடுத்துக்கொண்டேன். எதிர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, மடியில் கைக்குழந்தை. அவளுக்கும் கிட்னிதான். ஐம்பத்தெட்டு வயது அண்ணனைவிட அவளுக்குக் கொடுத்தால்தான் நன்மை அதிகம் என்று எந்த மாணவனும் சொல்லிவிடுவான். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, ஒரு நாள் குழந்தையைக்கூட வாங்கி வைத்துக்கொண்டேன். கிட்னி கொடுக்கத் தோன்றவில்லை.

சரி, கடமை. எல்லோரும் எப்போதும் செய்தாக வேண்டியதுதான் கடமை என்று நடத்தியிருக்கிறேன். உலகத்தில் தம்பியாகப் பிறந்தவனெல்லாம் அண்ணனுக்குக் கிட்னி கொடுத்தே ஆக வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? அப்படிச் சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

மூன்றாவது, நல்ல மனிதனாக இரு. இதை நினைத்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. நல்ல மனிதன் ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே கனகசெட்டிக்குளத்துக்குப் பஸ் ஏறியிருப்பான். அதைவிட மோசமான ஒன்றும் அன்றைக்குத் தெரிந்தது. கிட்னியைக் கொடுத்துவிட்டால் மன்னிப்புக் கேட்காமலே தப்பித்துவிடலாம் என்று எனக்குள் ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறப்பதைவிட வயிற்றைத் திறப்பது அவனுக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அண்ணனுக்கு டயாலிசிஸ் முடிந்ததும் மூன்று பேரும் வெளியே பெஞ்சில் உட்காருவோம். அவன் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் அண்ணி. ஆள் பாதியாகக் கரைந்திருந்தான். கருப்பாக மினுங்குகிற உடம்பு, சாம்பல் பூத்துப் போயிருந்தது. "சாப்டாச்சான்னு கேளு" என்பான். இரண்டடி தூரம்தான். "சாப்டீங்களான்னு கேக்கறாரு" என்பாள் அண்ணி. "ஆச்சுன்னு சொல்லுங்க" என்பேன் நான். அண்ணி திரும்பி, "ஆச்சாம்" என்பாள். ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "நா இன்னா டெலிபோன் கம்பியா?" என்றாள். அண்ணன் உதட்டோரத்தில் சிரிப்பு வந்ததை நான் கடைக்கண்ணால் பார்த்தேன். அவனும் நான் பார்த்ததைப் பார்த்திருப்பான்.

எல்லாப் பரிசோதனையும் பொருந்தி வந்தது. கடைசியாக ஒரு குழு பாக்கி. உறுப்பு கொடுக்கிறவரை யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வந்திருக்கிறார்களா என்று பார்க்கிற குழு. கொடுப்பவரையும் வாங்குபவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், கேமராவில் பதிவாகும். அவர்கள் கையெழுத்துப் போடாவிட்டால் ஆப்பரேஷன் கிடையாது. அண்ணனுக்கு அப்போதே நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. ரொம்ப நாள் தள்ள முடியாது என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லியிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் எனக்கு உறைத்தது. "உங்க ரெண்டு பேருக்கும் உறவு எப்படி?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். பதினோரு வருடமாகப் பேச்சில்லை என்று சொன்னால் எந்தக் குழு ஒத்துக்கொள்ளும்? பேசாத அண்ணனுக்கு எவன் கிட்னி கொடுப்பான், பின்னால் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நான் அந்தக் குழுவில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். பொய் சொன்னால் அண்ணன் பிழைப்பான், உண்மையைச் சொன்னால் பிழைக்க மாட்டான் என்று அவ்வளவு பச்சையாக என் முன்னால் வந்து நின்றது. இதற்கு முன்னாலும் ஒரு தடவை கோயில் வாசலில் வந்து நின்றது, அப்போது எனக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்வது என்றே முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் போனேன். சத்தியமாக. பழக்கம் அப்படி.

முதலில் அண்ணனைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நீள மேசை, ஐந்தாறு பேர். நடுவில் தலை நரைத்த ஒரு டாக்டரம்மா. கேமராவில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம். ஜன்னல் திரைச்சீலை காற்றில் உள்ளே வந்து வந்து போனது.

"உங்க அண்ணனோட நீங்க நெருக்கமா சார்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வாரா வாரம் போவேன் மேடம்" என்றேன். "ஞாயித்துக்கிழமையானா அங்கதான்."

அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. எனக்கே தெரியாமல் எங்கேயோ சேர்ந்து கிடந்தது போல வந்துகொண்டே இருந்தது. காலாப்பட்டு தாண்டும்போதே போன் பண்ணுவான் என்றேன். பஸ் நிற்கிற இடத்தில் வண்டியோடு நிற்பான். நான் சங்கரா மீன் தின்ன மாட்டேன் என்று எனக்காகக் கிழங்கான் எடுத்து வைப்பான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படகு நிழலில் படுத்திருப்போம், அவன் குறட்டை விடுவான், நான் பேப்பர் திருத்துவேன். எனக்கு டெங்கு வந்தபோது பத்து நாள் நெல்லித்தோப்பில் வந்து தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தான். அரசியல் பேசினால் சண்டை வரும், ராத்திரிக்குள் சரியாகிவிடும். அவன் பேத்தி பிறந்தபோது முதலில் என் கையில்தான் கொடுத்தான்.

ஒன்றுகூட நடந்ததில்லை. டெங்கு வந்தது மட்டும் நிஜம். அந்தப் பத்து நாளும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி ரசம் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கண்முன் வந்தது, அந்தப் படகு நிழல்கூட வந்தது. நடக்க வேண்டியது எல்லாம் இதுதானே, நடந்திருக்கக்கூடியது இதுதானே என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன். ஐம்பத்தைந்து வயது ஆள், கேமரா முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு.

டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்து முடிக்கிறவரை பொறுமையாக இருந்தார்.

"உங்க அண்ணன் வேற மாதிரி சொன்னாரே சார்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பதினோரு வருஷமா உங்களுக்குள்ள பேச்சே இல்லன்னு சொன்னார். நல்லா இருக்கோம்னு பொய் சொல்லிடலாம்னுதான் வந்தாராம். ஆனா, 'எந்தம்பி உள்ள வந்தா உண்மையத்தான் சொல்வான், அவனுக்குப் பொய்யே வராது. நான் ஒண்ணு சொல்லி அவன் ஒண்ணு சொன்னா, பொய் சொல்ற குடும்பம்னு அவனுக்குத்தான் அசிங்கம். அதனால நானே உண்மையச் சொல்லிடறேன்'னு சொன்னார்."

அறையில் யாரோ ஒருவர் இருமினார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப் போகல. இத வச்சிக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? வெளியில போய் ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. அரை மணி கழிச்சிக் கூப்பிடறேன். சேர்ந்து வாங்க."

வெளியே வந்தேன். அண்ணன் சக்கர நாற்காலியிலிருந்து இறங்கி எங்கள் வழக்கமான பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தான். நடுவில் அண்ணி. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "நா போயி டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கிடந்தது. யாரிடம் சொல்லச் சொல்வது என்று தெரியாமல் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு நாய்கூட இல்லை.

கையெழுத்து ஆயிற்று, ஆப்பரேஷனும் நடந்தது. இன்றைக்கு அண்ணன் இருக்கிறான், நானும் இருக்கிறேன், என் இடது விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. அதையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். இப்போதும் வகுப்பில் மூன்று வழிகளையும் நடத்துகிறேன், பத்து மதிப்பெண்ணும் போடுகிறேன். எதை வைத்து வாழ்வது என்று கேட்டால் முன்போலச் சட்டென்று பதில் வருவதில்லை. அப்போதெல்லாம் அந்த அரை மணி நேரம்தான் நினைவுக்கு வருகிறது.

காலி இடத்தைப் பார்த்தபடியே நான் ஆரம்பித்தேன்.

"வல விஷயம் எனக்குத் தெரியும்ணா. அந்தக்கா சொன்னாங்க. ஒம்போது வருஷமாத் தெரியும்."

அவன் கையில் ஊசி குத்தின இடத்துப் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"தப்பு பண்ணிட்டேண்ணா. ஆனா அன்னிக்கி நீ ஏன் ஒரு வார்த்த சொல்லல? ஊர் முன்னால அப்பிடி விழுந்தியே."

அண்ணன் பஞ்சிலிருந்து கட்டைவிரலை எடுத்தான். பதினோரு வருடத்துக்கப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"ஊரு கேட்டா எப்பிட்றா சொல்றது, அந்தப் பொண்ணு பேரு கெட்டுப்பூடும்ல. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பஞ்சாயத்துக்கு முன்னால மூணு நாளு இருந்துது. நீ வந்து ஏண்ணா போனன்னு கேப்ப கேப்பன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ கேக்கவே இல்லியேடா."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. மூன்று நாள். ஒரே ஊரில், ஒரே சாவு வீட்டில், பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

"இப்ப கேக்கறேன்" என்றேன். "ஏண்ணா போன? அன்னிக்கி என்ன நடந்துது?"

அவன் காலை நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். சொல்ல ஆரம்பித்தான். கரையில் ஒரு விளக்கும் இல்லையாம். வலை கிடந்த இடம் தெரியாமல் ரொம்ப நேரம் சுற்றினானாம். இரண்டு ஆள் இழுக்கிற வலை, தனியாக இழுத்ததில் தோள்பட்டை இறங்கிப் போயிற்றாம், அது இன்னும் மழை வந்தால் வலிக்கிறதாம். வலை நிறைய மீன். அவ்வளவு மீனை அந்த வருடத்தில் அவன் பார்த்ததே இல்லையாம். "சாவு நாளு மீனு, எப்பிட்றா கரைக்குக் கொண்டாறது?" என்றான். ஒன்றொன்றாகக் கழற்றிக் கடலிலேயே விட்டிருக்கிறான். செத்தது மிதந்து போயிற்றாம், உயிரோடு இருந்தது உள்ளே போயிற்றாம். சூரியன் ஏற ஏற, தண்ணீர் சிவந்துகொண்டே வந்ததாம். கையைக் கிண்ணம்போல வைத்து, ஒரு கானாங்கெளுத்தி எப்படித் துள்ளி அவன் விரலிடுக்கு வழியாகப் போனது என்று காட்டினான். முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் வந்திருந்தது.

கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்து எங்கள் பேரைச் சொல்லி, "உள்ள கூப்பிட்றாங்க, வாங்க" என்றார்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க சார். அண்ணன் பேசிக்கிட்டிருக்காரு."